ஈக்களை எண்ணிய கதை

மாணவர்களே,

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நாள்தோறும் வகுப்புகளைச் சுற்றி வருவேன். நான் தாழ்வாரத்தில் நடக்கையில் எவ்வகுப்பிலும் இரைச்சல் இராது. நம் பள்ளி அமைதியான பள்ளி என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். என் செருப்போசைதான் அவ்வமைதியை உண்டாக்கிற்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன். ஆப்பிரிக்காவில் செட்சி என்னும் ஈயைக் கணக்கெடுக்கச் சென்றவர்களுக்கும் இதே அனுபவம் வாய்த்தது.

செட்சி ஈக்களில் ஆணும் பெண்ணும் குருதியையே உண்டு வாழ்பவை. காட்டெருமை, குடு மான் முதலிய விலங்குகளின் குருதியில் டிரிப்பனோசோம் என்னும் நுண்ணுயிர் பெருந்தீங்கு செய்யாமல் தங்கியிருக்கும். அவற்றைக் கடித்த ஈ பின்னர் மாட்டைக் கடித்தால், மாட்டை நகானா என்னும் நோய் பற்றும். மாடு சோகை பிடித்து, இளைத்து மடியும். 1895-ஆம் ஆண்டில் சூலுலாந்தில் இந்நோயை ஆராய்ந்த டேவிட் புரூஸ் என்னும் மருத்துவர் ஈக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கினார்.

ஈக்கு உணவு இல்லாமற் செய்யவேண்டும் என்று கருதி, இன்று ஜிம்பாப்வே எனப்படும் நாட்டில் 1919 முதல் பல ஆண்டுகள் இலட்சக்கணக்கான காட்டு விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். ஈ எங்கே, எவ்வளவு உள்ளது என்று அறியப் பணியாளர்கள் குறித்த பாதையில் நடந்து, தங்களை நாடி வந்த ஈக்களை வலையால் பிடித்து எண்ணினர். அகப்பட்டவை பெரும்பாலும் ஆண் ஈக்களே. ஈக்களுள் ஒரு வகையோ, அது நிறைந்திருந்த இடத்திலும் மிகச் சிலவே கிடைத்தது.

காரணம் யாது? 1970-களில் அதே நாட்டில் கிளின் வேல் என்னும் அறிஞர், ஈயின் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மின்கம்பி வலைகளை அமைத்துச் சோதித்தார். எருதின் மணம் வீசிய இடத்தில் ஈக்கள் திரண்டன. மனிதன் அருகில் நின்றாலோ, அவற்றுள் பல விலகிச் சென்றன. எண்ணச் சென்றவனே ஈயை விரட்டியிருக்கிறான்!

இவ்வுண்மை தெரிந்தபின் வழி பிறந்தது. எருதின் மூச்சிலுள்ள அசிட்டோன், ஆக்டினால் ஆகியவற்றின் மணத்தையும், ஈயைக் கவரும் நீல, கறுப்புத் துணிகளையும் பயன்படுத்தினர். பூச்சிக்கொல்லி தோய்த்த துணித்திரைகள் சதுர கிலோமீட்டருக்கு நான்கு இருந்தாலே போதியதாயிற்று. ஏனெனில் பெண் செட்சி ஒரு வேளைக்கு ஒரே புழுவைத்தான் ஈனும். நாள்தோறும் நூற்றுக்கு நான்கு பெண் ஈக்கள் கூடுதலாக மடிந்துவந்தால் அவ்வினம் அங்கே நிலைக்காது. இதற்கு ஒரு மானையும் சுட வேண்டியதில்லை.

மாணவர்களே, ஒரு கணக்கைக் காணும்போது எத்தனை என்று மட்டும் கேளாதீர்கள். எண்ணியவர் யார், எங்ஙனம் எண்ணினார் என்றும் கேளுங்கள். நானும் பின்னாளில் செருப்பைக் கழற்றிவிட்டே தாழ்வாரத்தில் நடந்தேன்.