கரை மாறும் மஞ்சள்

காஞ்சிபுரம் பட்டுச்சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடா ஓட்டி இரண்டையும் இணைத்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். ஊரின் தறிச்சத்தத்தைத் தாண்டி வேகவதி ஆற்றோரம் போனால், அதே அமைப்பில் மஞ்சள் உடலும் கறுப்புக் கரையுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி புல்லை ஒட்டித் தாழப் பறப்பதைப் பார்க்கலாம். காமன் கிராஸ் யெல்லோ என்பது அதன் பெயர். யூரீமா ஹெகபே என்ற அறிவியல் பெயரில் 1758-இலேயே லின்னேயஸ் பதிவு செய்த இனம் இது. இறகை விரித்தால் நாலைந்து சென்டிமீட்டர்தான்.

மழைக்காலத்தில் பிறந்ததற்குக் கறுப்புக் கரை அகலமாக இருக்கும். வறண்ட மாதங்களில் பிறந்ததற்குக் கரை ஒடுங்கி, இறகின் அடிப்பக்கத்தில் செம்பழுப்புத் திட்டுகள் கூடுதலாகத் தெரியும். காய்ந்த சருகுக்கு நடுவே அவை அதை மறைத்துக் காக்கும். புழுவாக இருக்கும்போதே பகலின் நீளமும் வெப்பமும் இதை முடிவு செய்துவிடுகின்றன. இவற்றை இரண்டு இனம் என்று எண்ணிவிடக் கூடாது. பெண்ணின் மஞ்சள் சற்று வெளிறியிருப்பதும் இனத்துக்குள் உள்ள வேறுபாடே.

அப்படியானால் இனத்தை எப்படி உறுதி செய்வது? இது எப்போதும் இறகை மூடித்தான் உட்காரும். அப்போது முன்னிறகின் அடிப்பக்கத்தை, இறகு உடலோடு சேரும் இடத்தை ஒட்டிப் பாருங்கள். அங்கே பொதுவாக இரண்டு சிறு குறிகள் இருக்கும். மூன்று இருந்தால் அது நெருங்கிய உறவான த்ரீ ஸ்பாட் கிராஸ் யெல்லோ. முட்டையும் துப்புக் கொடுக்கும்: ஹெகபே ஒவ்வொன்றாக இடும், மற்றது கும்பலாக இடும்.

இந்த மஞ்சள் டெரின் என்னும் வேதிப்பொருளால் வருவது. இறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி நுண்ணிய செதில்கள். அவற்றுக்குள் மணிமணியாக டெரின் அடைந்திருக்கிறது. கருவுற்ற பெண்கள் சாப்பிடும் ஃபோலிக் அமில மாத்திரையிலும் இதே டெரின் அமைப்பு உண்டு. ஆணின் செதில் வரிகள் இதற்கு மேல் புறஊதா ஒளியையும் பளிச்சென்று எதிரொளிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பெண்பூச்சிக்குத் தெரியும். பளிச்சிடும் ஆணையே அது அதிகம் விரும்புகிறது.

இதன் புழுக்களுக்கு உணவு தகரை, வாகை, கொடுக்காப்புளி இலைகள். தெருவோரத் தகரையைக் களை என்று பிடுங்கும் முன், தளிரில் பச்சைப்புழு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் அந்தச் செடியை விட்டுவையுங்கள்.