வீடு கடற்கரையில்... சொந்தக்காரர் லண்டனில்!

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் இருக்கிறது செயின்ட் ஐவ்ஸ். மீன்பிடித் துறைமுகம், வெண்மணல், ஓவியர்களை இழுத்துவந்த வெளிச்சம்... கோடையில் கால் வைக்க இடமிருக்காது. குளிர்காலத்திலோ, சில தெருக்களில் விளக்கெரியும் வீடுகளை எண்ணிவிடலாம்!

காரணம், அவற்றில் பல வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போட்டவை. விடுமுறைக்கு வந்து தங்குவார்கள். மற்ற நாள்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். லண்டன் சம்பளக்காரர் கொடுக்கும் விலையை, ஹோட்டலிலும் படகிலும் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் எப்படிக் கொடுப்பார்? வாடகைக்கும் வீடு கிடைப்பதில்லை. ஒரு வாரத்துக்கே கொட்டிக் கொடுக்க ஆள் இருக்கும்போது, மாத வாடகைக்காரரை யார் தேடுவார்கள்?

பொறுத்துப் பார்த்த ஊர் மக்கள், 2016 மே மாதம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 'இனி கட்டும் புது வீடுகள், நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே' என்ற விதிக்கு 80 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் ஆதரவு. எதிர்த்துப் போட்ட வழக்கும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஆனால், விதி புது வீடுகளுக்குத்தான். வெளியூர்ப் பணம் பழைய வீடுகள் பக்கம் திரும்பியது. துறைமுகத்தையொட்டிய பழைய மீனவர் வீடுகளை இன்றும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

அடுத்த ஆயுதம், வரி. 2025 ஏப்ரல் முதல் கார்ன்வாலில் இரண்டாவது வீட்டுக்கு உள்ளாட்சி வரி இரு மடங்கு. பணக்காரர்களுக்கு அது ஒரு சுமையா என்பது வேறு விஷயம்.

சுற்றுலாதான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. அந்தச் சோற்றைப் பரிமாறுகிறவருக்கும் ஊருக்குள் ஒரு வீடு வேண்டாமா?