விசையா, விதையா?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கரும்பலகையில் எழுதிய கணக்கைப் பிழையின்றிச் செய்வான். அதையே வாயால் சொன்னால் தவறாக எழுதுவான். நான் 'விசை' என்றால் அவன் நோட்டில் 'விதை' என்றிருக்கும். கவனமில்லாதவன் என்று பலமுறை கடிந்துகொண்டேன். காதுப் பரிசோதனை செய்த பிறகே உயர் அதிர்வெண் ஒலிகள் அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று தெரிந்தது. ஒலியியல் பாடம் நடத்தும் எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா?

விசை, விதை, விடை ஆகிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிரொலிகள் ஒன்றே, நடுவிலுள்ள மெய் மட்டும் வேறு. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழே இருக்கிறது. அவை உரக்கக் கேட்கும். 'விசை'யிலுள்ள உரசல் ஒலியோ மெலிந்தது. அதன் ஆற்றல் 2000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. ஆகவே அவனுக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பான். நாமும் 'காது நன்றாகத்தான் கேட்கிறது' என்று முடிவு கட்டிவிடுவோம்!

ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் நிலைமை இன்னும் மோசம். நீண்ட அலைகள் தலையைச் சுற்றி வளைந்து வரும். குறுகிய அலைகள் அவ்வளவு வளைவதில்லை. உதட்டசைவும் மறைந்துவிடும்.

அறையும் தன் பங்குக்குக் குழப்பும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் யார் பேசினாலும் புரியவில்லை. சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார்: ஏறக்குறைய 5.5 விநாடி! ஒரு சொல் அடங்குமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்தன. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து பரப்பினார், எதிர்முழக்கம் குறைந்தது. காதுக்கருவி அணிந்தவருக்கும் இதே தொல்லைதான். தொலைவிலிருந்து வரும் பேச்சோடு எதிர்முழக்கத்தையும் மின்விசிறி இரைச்சலையும் கருவி சேர்த்தே பெருக்குகிறது.

உங்கள் வகுப்பையும் சோதிக்கலாம். விசை, விதை, விடை, வினை, விலை ஆகியவற்றை வரிசை மாற்றி இருபது சொற்களாக ஒருவர் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு சொல்லட்டும். மற்றவர்கள் முதல் வரிசை, கடைசி வரிசை, மின்விசிறியின் அடி, சன்னலோரம் என்று இடம் மாறி மாறி அமர்ந்து எழுதட்டும். விசிறியை நிறுத்தியும் ஒருமுறை செய்யுங்கள். நல்ல காதுள்ளவர்களே மிகுதியாகத் தவறுகிற இடம் எது? அந்த இடத்தில் தினமும் உட்காருபவர் யார் என்று பாருங்கள்.