உயர்த்திய ஜீப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரும்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி பின் அச்சுக்கு மட்டும் போவதா, முன் அச்சுக்கும் சேர்த்துப் போவதா என்பதை முடிவு செய்வது இந்தப் பெட்டி. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 'லோ' பல்சக்கரத் தொகுதியும் இதற்குள்ளேயே இருக்கிறது. கியர் லீவருக்குப் பக்கத்தில் நிற்கும் சிறிய லீவர் இதற்கானது. வண்டியை உயர்த்திக் கட்டியவர்கள் பலருக்கு முதலில் தகராறு செய்வது இந்தச் சிறிய லீவர்தான்.

1997 முதல் 2006 வரை அமெரிக்காவில் தயாரான ஜீப் ராங்ளர் டி.ஜே. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது என்.பி. 231 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ். டூ ஹை, ஃபோர் ஹை, நியூட்ரல், ஃபோர் லோ என்று அதற்கு நான்கு நிலைகள். ஃபோர் லோவில் கியர்பாக்ஸ் 2.72 சுற்றுச் சுற்றினால்தான் வெளியே ஒரு சுற்று வரும். அந்த அளவுக்கு இழுவை பெருகும். 2003-இல் வந்த ரூபிகான் வகையில் இந்த விகிதம் நான்குக்கு ஒன்று.

பழைய ஜீப்புகளில் இந்தத் தகராறுக்கே இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி.யில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு லீவர்கள். இரண்டும் பெட்டியிலிருந்தே நேராக மேலே எழும். நம்மூர் மாருதி ஜிப்ஸியிலும் லீவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பெட்டி எங்கே போகிறதோ லீவரும் அங்கே போகும். டி.ஜே.யில் அப்படியில்லை. அதில் லீவர், பாடியின் தரைத்தகட்டில் முடுக்கப்பட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸோ சேஸிஸின் குறுக்குத் தாங்கியில், ரப்பர் மவுண்டின் மேல் நிற்கிறது. இரண்டையும் இணைப்பவை சில கம்பிகளும், ஒரு முனை பாடியையும் மறுமுனை பெட்டியையும் பற்றிய ஒரு வளைந்த தண்டும். பாடிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள தூரம் மாறாது என்று நம்பிச் செய்த இணைப்பு (லிங்கேஜ்) இது.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் போட்டதால்தான் லீவர் கெட்டது என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. சஸ்பென்ஷன் லிஃப்டில் உயரமான ஸ்பிரிங்குகள் போடும்போது சேஸிஸ், பாடி, பெட்டி மூன்றும் சேர்ந்தே எழும்புகின்றன; இடைத்தூரம் மாறுவதே இல்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. டி.ஜே.யின் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை. வண்டி உயர்ந்ததும் அது செங்குத்தாகச் சாய்ந்து அதிரத் தொடங்கும். அதிர்வை அடக்க மலிவான வழியாகக் குறுக்குத் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் நடுவே சுமார் ஓர் அங்குலத் துண்டுகளை வைத்து, பெட்டியைக் கீழே இறக்கிவிடுவார்கள். லிங்கேஜ் குலைவது அப்போதுதான். பாடி லிஃப்டில் சேஸிஸுக்கும் பாடிக்கும் இடையே கட்டைகள் ஏறுவதால் லீவர் மேலே போகிறது, பெட்டி இருந்த இடத்திலேயே நிற்கிறது. பாறைகளில் அடி தட்டாமலிருக்கப் பெட்டியையே மேலே தூக்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தூரம் எதிர்த்திசையில் மாறும்.

ஓர் அங்குலம் அற்பமாகத் தோன்றலாம். பெட்டிக்குள் பள்ளங்கள் வெட்டிய ஒரு தகடும், ஸ்பிரிங் அழுத்தும் ஒரு முளையும் இருக்கின்றன. லீவரை நகர்த்தும்போது முளை ஒவ்வொரு பள்ளமாகத் தாவி உட்கார வேண்டும். கம்பிகளின் கோணம் கெட்டால் லீவர் முழுதாக நகர்ந்தாலும், கம்பி பற்றியிருக்கும் பெட்டிப்பக்கக் கை முழுதாக நகராது. சில வண்டிகளில் தரையிலுள்ள துளையின் விளிம்பில் லீவரே இடித்து நின்றுவிடும். வரிசையின் கடைசியில் இருக்கும் ஃபோர் லோதான் முதலில் அடிபடும்: பற்கள் பாதியே கோத்திருக்கும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டுகளின் மேல் முறுக்கிக்கொள்ள, கம்பி இழுபட்டு, பெட்டி நியூட்ரலுக்குத் துள்ளிவிடும்.

அந்த நியூட்ரல் கியர்பாக்ஸ் நியூட்ரலைவிட ஆபத்தானது. சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே அறுந்துவிடும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் இருக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கிங் நிலையில் வைத்தாலும், மேனுவல் வண்டியில் முதல் கியரில் விட்டாலும் வண்டி உருளும். பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் மட்டுமே துணை. லீவரை மேம்படுத்துவதைச் சொகுசுச் செலவு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

செலவில்லாத வழியை முதலில் பார்ப்பது நல்லது. டி.ஜே.யின் லிங்கேஜில் கம்பி நுழையும் ஒரு பூட்டுத் துண்டு உண்டு. லீவரை ஃபோர் லோவில் வைத்து, அதன் போல்ட்டைத் தளர்த்தி, பெட்டிப்பக்கக் கை முழுதாக ஃபோர் லோவில் விழுந்திருக்கிறதா என்று கையால் தள்ளி உறுதி செய்துகொண்டு மீண்டும் முடுக்க வேண்டும். தேய்ந்த பிளாஸ்டிக் புஷ்களையும் அப்போதே மாற்றிவிடலாம். சிறிய உயர மாற்றத்துக்குப் பல வண்டிகளில் இதுவே போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் கேபிள் ஷிஃப்டர். கம்பிகளையும் வளைந்த தண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, லீவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரே கேபிளை ஓட்டுவது இந்த முறை. சைக்கிள் பிரேக் கேபிள் இழுக்க மட்டுமே தெரிந்தது. இது தள்ளவும் வேண்டும் என்பதால் உள்கம்பி தடித்தது, உறை விறைப்பானது. பாடி எவ்வளவு உயர்ந்தாலும் எஞ்சின் எப்படி முறுக்கினாலும் கேபிளின் வளைவு அதை வாங்கிக்கொள்ளும். இரு முனைகளுக்கும் இடையிலான நகர்வு அளவு மாறாது. ராங்ளரின் அடுத்த தலைமுறையான ஜே.கே. 2007 முதல் கம்பெனியிலிருந்தே கேபிளுடன்தான் வந்தது. ஆனால் அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து கழன்று, லீவர் வெறுமனே ஆடுவது அந்த வண்டிகளில் பலரும் அறிந்த கோளாறு. கேபிள் என்றாலே தீர்வு என்று எண்ணிவிடக் கூடாது. உலோக முனையும், மரையால் நீளத்தைச் சரிசெய்யும் வசதியும் உள்ளதே வாங்கத் தகுந்தது.

பொருத்தும் வேலையில் முக்கால்வாசி கேபிளின் பாதையைத் தேர்வதுதான். சைலன்சர் குழாயிலிருந்து விலகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளுறை உருகிக் கேபிள் இறுகும். கூரான திருப்பங்கள் ஆகாது. ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் நகர்வைத் தின்றுவிடும். சுழலும் ஷாஃப்டின் பக்கம் தொங்கவே கூடாது. இரு முனைகளிலும் உறையைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் துளியும் வளையாமலிருக்க வேண்டும்; அவை வளைந்தால் அந்த நகர்வு பெட்டிக்குப் போய்ச் சேராது. கைபுகும் இடம் போதாமல் குறுக்குத் தாங்கியை இறக்க நேர்ந்தால் முன்னதாகவே கியர்பாக்ஸுக்கு ஜாக்கி கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பெட்டியின் எடையைத் தாங்கி நிற்பது அந்தத் தாங்கிதான். இணைக்கும் முன் லீவரும் பெட்டியும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்து, கடைசியில் மரைகளைச் சரிசெய்து லாக் நட்டுகளை இறுக்குவார்கள்.

சோதனை இரண்டு கட்டம். நின்ற வண்டியில் ஒருவர் லீவரைப் போட, இன்னொருவர் அடியிலிருந்து பெட்டிப்பக்கக் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான்கு நிலைகளிலும் முளை பள்ளத்தில் 'டக்'கென்று விழுவது விரலுக்குத் தெரியும். லீவரை விட்டபின் அது பின்வாங்கினால் கேபிளின் நீளம் சரியில்லை என்று பொருள். பிறகு கியர்பாக்ஸை நியூட்ரலில் வைத்து, வண்டியை மணிக்கு மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு ஃபோர் லோ போட்டு, ஆளில்லாத சரிவில் ஏறியும் இறங்கியும் பார்க்க வேண்டும். ஏறும்போது ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும் எஞ்சின், ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது மறுபக்கம் முறுக்கும். இரண்டிலும் ஃபோர் லோ நழுவாமல் நின்றால் வேலை சரி. சில காட்டுப் பயணங்களுக்குப் பிறகு லாக் நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய பிராக்கெட்டுகள் படிந்து உட்காரும்போது அவை தளர்வதுண்டு.