குண்டு அளந்த ஊர்கள்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகிறவர்கள், அங்கே 'குண்டு உப்பலவாடி' என்றொரு ஊர் இருப்பதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. குண்டு மனிதர்கள் வாழும் ஊரல்ல, ஐயா! பீரங்கிக் குண்டு தந்த பெயர்!

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கும்பினியார் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எட்டும் மட்டும் உள்ள ஊர்களும் அவர்களுக்கே என்று பேச்சு. அப்போது சென்னைக் கவர்னர் யேல் துரை. சும்மா விடுவார்களா? நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். இனி மருந்து கெட்டிப்பவன் சாமர்த்தியம்!

அந்தச் சாமர்த்தியம் லேசானதல்ல. குழாய்க்குள் போகும் மருந்து குருணையாக இருக்கவேண்டும். பின்புறத் துளையில் இட்டுப் பற்றவைக்கும் மருந்தோ மாவுபோல் நைசாக இருக்கவேண்டும். கடற்காற்றில் அது நமுத்துப்போனால் நெருப்பு உள்ளே இறங்காது. மருந்து குறைந்தால் ஒரு கிராமம் நஷ்டம். மிஞ்சினாலோ பீரங்கியே வெடித்துச் சுட்டவன் போய்விடுவான்!

அந்த வருஷம் செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமே எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டது. வயலில் நின்ற குடியானவன், தன் ஊர் கைமாறிய சேதியை அந்தச் சத்தத்தில்தான் அறிந்திருப்பான்.

கோட்டையின் இடிபாடு கெடிலம் ஆற்றோரம் இன்னும் கிடக்கிறது.