3.8 எங்கே போனது?

தேக்கா நிலையத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மகனின் முதல் செமஸ்டர் புள்ளி: 3.3. "பாலியில 3.8 வாங்குன பையன். படிக்கிறானா, ஊர் சுத்துறானான்னே தெரியல" என்றார்.

பையன் படிக்கத்தான் செய்கிறான். அளவுகோல் மாறியதுதான் அப்பாவுக்குத் தெரியவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில், அதாவது பாலியில், உச்சப் புள்ளி 4. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 5. அங்கே 3.8 என்றால் பெரும்பாலான பாடங்களில் 'ஏ'. இங்கே அதே 3.8, 'பி'க்கும் 'பி பிளஸ்'ஸுக்கும் நடுவில் நிற்கும். பழைய புள்ளி இடம் வாங்கித் தந்ததோடு சரி. புதிய கணக்கில் அது ஏறாது.

ஆனால் கணக்குக் குழப்பம் மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சரிவு நிஜமாகவே உண்டு. பட்டயம் முடித்தவருக்குச் சில பாடங்களிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. வீட்டில் இதைக் கொண்டாடுவார்கள். விலக்குப் பெற்ற பாடத்துக்குப் புள்ளி கிடையாது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு 'ஏ' வாங்கக்கூடிய பாடங்கள்தான் முதலில் கைவிட்டுப் போகின்றன; தட்டில் மிஞ்சுவது கடினமானவை. போதாததற்கு, தேசிய சேவையில் இரண்டு ஆண்டுகள் துப்பாக்கியோடு கழித்துவிட்டு வருபவர் நுண்கணிதத்தை எங்கோ தொலைத்திருப்பார். பக்கத்து நாற்காலியில் தொடக்கக் கல்லூரியில் மேல்நிலைக் கணிதத்தைக் கரைத்துக் குடித்தவர். பெரிய வகுப்புகளில் மதிப்பெண்ணைச் சீர்செய்யும் வழக்கமும் உண்டு. மாணவர்கள் 'பெல் கர்வ்' என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்: நீங்கள் எவ்வளவு எழுதினீர்கள் என்பதோடு, மற்றவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்பதும் கணக்கு.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் தனி நோயல்ல. ஈராண்டுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவோரின் புள்ளி முதலில் சரிவதை அமெரிக்காவில் ஜான் ஹில்ஸ் 1965இல் 'இடமாற்ற அதிர்ச்சி' என்றார். பெரும்பாலான ஆய்வுகளில் அது பிறகு ஓரளவாவது மீண்டதையும் அவரே எழுதினார்.

இந்தச் சரிவைச் சமாளிக்க ஒரு வழியும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2014இல் முதல் செமஸ்டருக்குக் கொண்டுவந்த ஏற்பாடு, பின்னர் முதலாண்டு முழுவதற்கும் விரிந்தது. மாணவர் விரும்பினால் ஒரு பாடத்தின் கிரேடை மறைத்து, 'எஸ்' அல்லது 'யூ' என்று மட்டும் பதியலாம். 'சி'யோ அதற்கு மேலோ என்றால் 'எஸ்'. அதற்குக் கீழே 'யூ'. இரண்டுமே புள்ளியில் சேராது. எத்தனை பாடங்களுக்கு என்பதற்கு வரம்பு உண்டு. என்னைக் கேட்டால், தொழிற்கல்லூரியிலிருந்து வருபவருக்கு இதைவிட நல்ல உதவி வேறில்லை. இதைப் பயன்படுத்துவது தோல்வியை ஒப்புக்கொள்வது என்று நினைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீம்பு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துப் புள்ளியை இழுத்துப் பிடிக்கும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்தக் கணக்குப் பாடத்தை மறைச்சிட்டா?" என்றவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். தே ஆறிப்போயிருந்தது.

தேர்வு முடிவு வெளியானபின், கிரேடை மறைப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கச் சில நாள்களே அவகாசம். அந்த நாள்களிலாவது, தொடக்கக் கல்லூரியில் படித்த அத்தை மகனின் புள்ளியை வீட்டில் எடுக்காதீர்கள்.