லீக்குக்குச் சொந்தமாகத் தொலைக்காட்சியா, தொலைக்காட்சிக்குச் சொந்தமாக லீக்கா?

பாலக்காடு: அமெரிக்காவின் நான்கு பெரிய விளையாட்டு லீக்குகளும் தங்களுக்கெனச் சொந்தத் தொலைக்காட்சி அலைவரிசைகளைத் தொடங்கியுள்ளன. உலகின் பணக்கார லீக்குகளுள் ஒன்றான ஐபிஎல்லுக்கு அப்படியொன்று இல்லை. இந்த வேறுபாடு எவ்வாறு உருவானது? சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் மூணாறு, பீர்மேடு வரை, எல்லைப் பகுதிகளில் தமிழிலும் மலையாளத்திலும் வர்ணனை கேட்கும் நேயர்களுக்கு அது ஏன் முக்கியம்?

அமெரிக்காவில் நடந்தது என்ன?

தேசிய கூடைப்பந்து சங்கமான என்பிஏ, 1999 நவம்பரில் தனது அலைவரிசையைத் தொடங்கியது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 2003 நவம்பர் 4 அன்று அதைப் பின்பற்றியது. முதல் மூன்று ஆண்டுகள் அந்த அலைவரிசையில் செய்திகளும் பழைய ஆட்டங்களுமே பெரும்பாலும் இடம்பெற்றன. லீக்கின் வழக்கமான ஆட்டங்கள் 2006-இல்தான் நேரலையாக வந்தன.

பேஸ்பால் லீக்கான எம்எல்பி, 2009 ஜனவரி 1 அன்று தனது அலைவரிசையைத் தொடங்கியபோது வேறொரு வழியைக் கையாண்டது. கேபிள், டிடிஎச் நிறுவனங்களுக்கு அலைவரிசையிலேயே பங்கு அளித்தது. அலைவரிசையை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பவர்களே பங்குதாரர்களானதால், தொடக்க நாளிலேயே அது ஏறத்தாழ 5 கோடி வீடுகளை எட்டியது.

இந்தியாவில் நேர்மாறு

இந்தியாவில் தொலைக்காட்சி நிறுவனங்களே லீக்குகளை உருவாக்கின அல்லது விலைக்கு வாங்கின. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமத்தைப் பெற இயலாத ஜீ குழுமம், 2007-இல் இந்தியன் கிரிக்கெட் லீக்கைத் தானே தொடங்கியது. முதல் தொடரில் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணி வென்றது. எனினும், இந்திய கிரிக்கெட் வாரியம் அந்த லீக்கை அங்கீகரிக்கவில்லை. அதில் ஆடிய வீரர்களுக்குத் தடை விதித்தது. 2008 ஏப்ரலில் வாரியத்தின் ஐபிஎல் தொடங்கியது. 2009-க்குள் ஜீயின் லீக் முடிவுக்கு வந்தது.

2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கை நடத்தும் மஷால் நிறுவனத்தின் 74 விழுக்காடு பங்குகளை, அடுத்த ஆண்டே ஸ்டார் இந்தியா வாங்கியது. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தை நடத்திய நிறுவனத்திலும் ஸ்டார் பங்குதாரராக இருந்தது.

ஐபிஎல் ஏன் தொடங்கவில்லை?

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஊடக உரிமங்கள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையாயின. சொந்த அலைவரிசை நடத்தினால் விளம்பரம் திரட்டுவதும், இழப்பு நேர்ந்தால் ஏற்பதும் வாரியத்தின் பொறுப்பாகிவிடும். ஏலத்தில் விற்கும்போது வருவாய் முன்கூட்டியே உறுதியாகிறது. இழப்பின் சுமை வாங்கியவரைச் சேர்கிறது.

ஆனால், ஒப்பந்தத்தை நம்பி நடக்கும் லீக், ஒப்பந்தம் முடியும்போது தடுமாறக்கூடும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைய இருந்தது. அதற்குப் பிந்தைய ஏற்பாடு உறுதியாகாததால், போட்டியை நடத்திய நிறுவனம் 2025 ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஆட்டங்கள் அவ்வாண்டு அப்போது தொடங்கவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னையின் எஃப்சி ஆகிய இரு அணிகளின் ரசிகர்களும் காத்திருக்க நேர்ந்தது.

நேயருக்கு உள்ள பாதுகாப்பு

வான் அலைகள் பொதுச் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் நேரலையைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அவ்வாறு பெறும் நேரலையைத் தூர்தர்ஷன் தனது தரைவழி ஒளிபரப்பிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே வழங்கலாம் என 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே, இந்திய அணி ஆடும் முக்கிய கிரிக்கெட் ஆட்டத்தை ஃப்ரீ டிஷ் உள்ள மலைக்கிராம வீடு மாதக் கட்டணமின்றிக் காணலாம். தனியார் கேபிள் இணைப்புள்ள வீடு, தூர்தர்ஷன் வழியே அதைக் காண இயலாது.

ஐபிஎல், ஐஎஸ்எல் போன்ற லீக்குகள் இச்சட்டத்தின் பட்டியலில் இல்லை. அவை எந்த அலைவரிசையில், எந்த மொழியில், எவ்வளவு கட்டணத்தில் வரும் என்பதை உரிமம் பெற்ற நிறுவனமே பெரிதும் தீர்மானிக்கிறது.